தெற்கு வாசலை அடைத்த என் மகனுக்கு

கதிர்,

நீ என் வீட்டின் தெற்கு வாசலை அடைத்தாய். பிறகு, அசல் வாசல் போய்விட்ட வீட்டுக்குப் பாரம்பரிய மதிப்பு எதுவும் கிடையாது, ஆகவே இடிக்க அனுமதி வேண்டும் என்று நகராட்சியில் மனுப் போட்டாய். இரண்டையும் என்னைக் கேட்காமல் செய்தாய். முதலாவதை நான் இந்தியாவில் இருந்தபோது செய்தாய். இரண்டாவதை நான் அந்த வீட்டுச் சமையலறையில் நின்று காப்பி கலந்துகொண்டிருக்கும்போதே செய்தாய். திட்டம் போட்டுச் செய்யவில்லை, ஒன்றன்பின் ஒன்றாக நடந்துவிட்டது என்கிறாய். நம்புகிறேன். நீ திட்டம் போடுகிறவன் இல்லை. ஆனால் வீடு இடிந்தால், திட்டமில்லாமல் இடிந்தது என்று அது எழுந்து நின்றுவிடாது.

இதை உனக்கு மட்டும் எழுதாமல் இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் மாத இதழுக்கு அனுப்புகிறேன். பெற்ற மகனைப் பற்றி நாலு பேர் படிக்க எழுதலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நீ உன் பக்கத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவில் சொல்லியாகிவிட்டது. "அம்மா இஸ் பீயிங் எமோஷனல்" என்று போட்டாய். அதற்கு விருதுநகரிலிருந்தும் டல்லாஸிலிருந்தும் கைகூப்பிய பொம்மைகள் வந்து விழுந்தன. என் பக்கத்துக்கும் ஒரு இடம் வேண்டும். உனக்குத் தமிழ் மெதுவாகத்தான் படிக்க வரும் என்பது எனக்குத் தெரியும். மெதுவாகவே படி. வேகமாகப் படித்துத்தான் மனுவோடு வைத்த அந்த வல்லுநர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டாய்.

நம் வீட்டைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். லிவர்மோர் ஊரின் ஓரத்தில், திராட்சைத் தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில், நூற்றைம்பது வயதை நெருங்குகிற ஒரு மர வீடு. அசோரஸ் தீவுகளிலிருந்து பிழைக்க வந்த ஒரு போர்ச்சுக்கீசியக் குடும்பம் கட்டியது. செம்மரம் என்று நாம் ஊரில் சொல்வது வேறு. இது இந்தக் கடற்கரை மலைகளில் வளரும் ரெட்வுட். கான்கிரீட் அடித்தளம் கிடையாது. ஆற்றுக் கற்களின் மேல் உத்தரங்களைக் கிடத்தி, அதன்மேல் வீட்டை நிறுத்தியிருக்கிறார்கள். ஆணிகள் உருண்டையாக இருக்காது, சதுரமாக இருக்கும். சுவர்க் காகிதத்தை உரித்தால் அடியில் பழைய செய்தித்தாள்கள் ஒட்டியிருக்கும்; குளிர் வராமல் இருக்க அவர்கள் செய்த வேலை. பக்கத்தில் இரண்டு மாடி உயரத்துக்கு மரக் கோபுரம், அதன் உச்சியில் தண்ணீர்த் தொட்டி இருந்த மேடை. இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய இருந்தன. இப்போது அந்த இடங்களில் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த வீடுகள் நிற்கின்றன. நம்முடையது நிற்பதற்குக் காரணம், யாரும் அதை அழகுபடுத்த நினைக்கவில்லை.

நாங்கள் அதை வாங்கியபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். மற்ற தமிழ்க் குடும்பங்கள் பக்கத்து ஊரான பிளசன்டனில் புது வீடு வாங்கின. நமக்கு எட்டியது இதுதான். உங்கப்பா தினமும் மலையைத் தாண்டி வேலைக்கு ஓட்டிக்கொண்டு போய்வந்தார். முதல் வாரம் பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"என்ன சார், பேய்ப் படத்துல வர்ற வீடு மாதிரி இருக்கு?" என்றார் ஒருவர்.

"பேய் இருந்துச்சு. குளிர் தாங்காம காலி பண்ணிடுச்சு" என்றார் உங்கப்பா.

கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது அவர் மனைவி திசை பார்த்தார். "ஐயோ, தெற்கு வாசலா? எமன் திசையாச்சே அக்கா, எப்படி வாங்கினீங்க?"

"எமனுக்கு முதல்ல விசா கிடைக்கட்டும்மா" என்றார் உங்கப்பா. அன்று அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காப்பி சிந்தியது. அந்தக் கறை கூடத்துப் பலகையில் இன்னும் இருக்கிறது.

எனக்குப் படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றது. இங்கே வந்தபோது வேலை செய்ய அனுமதியும் இல்லை, பேச ஆங்கிலமும் இல்லை. முதல் குளிர்காலத்தில் கூடத்து ஜன்னல் ஒன்று கயிறு அறுந்து உங்கப்பாவின் விரல் மேல் விழுந்தது. பழைய ஜன்னல்களில் சட்டத்துக்குள்ளே கயிறும் இரும்பு எடையும் தொங்கும்; எடை இறங்க ஜன்னல் ஏறும். அது எனக்குத் தெரியாது. உன்னைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போய், படம் அதிகமாக இருந்த புத்தகமாகப் பார்த்து எடுத்துவந்தேன். ஒரு கையில் அகராதி, ஒரு கையில் திருப்புளி. பழுது பார்த்தேன். அதன்பிறகு வீட்டிலுள்ள எல்லா ஜன்னலையும் கழற்றி மாட்டினேன். பிறகு ஊருக்குள் இருக்கும் அமெரிக்கப் பாட்டிமார் கூப்பிட ஆரம்பித்தார்கள். உன் நண்பர்கள் 'விண்டோ லேடி' என்று என்னைக் கேலி செய்ததும், நீ பள்ளிக்கூட வாசலில் என் ஏணி வைத்த வண்டியிலிருந்து ஒரு தெரு முன்பே இறங்கிக்கொண்டதும் எனக்குத் தெரியும். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. சொல்ல வந்தது வேறு. எனக்கு இந்த வீடுதான் பள்ளிக்கூடம். ஒரு பொருளின் மதிப்பு என்பது அது எவ்வளவு மினுக்குகிறது என்பதில் இல்லை, எவ்வளவு உண்மை சொல்கிறது என்பதில் இருக்கிறது என்று அங்கேதான் படித்தேன். செதுக்குளி பட்ட தழும்போடு இருக்கும் உத்தரம் உண்மை சொல்கிறது. அதன்மேல் பளபளவென்று ஒட்டிய பலகை பொய் சொல்கிறது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் என் அண்ணன் மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போனேன். அந்தச் சமயத்தில் உனக்கு வேலை போயிற்று. அதே சமயத்தில் உன் மாமனார், நித்யாவின் அப்பா, சென்னையிலிருந்து பிளசன்டனில் இருக்கும் உன் வீட்டுக்கு வந்திருந்தார். மாப்பிள்ளைக்கு வேலை போனதற்குக் காரணம் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் இருந்திருக்கலாம். அவர் அதை என் வாசலில் தேடினார். குடும்ப வீடு தெற்குப் பார்த்ததாம். பையன் எங்கே குடியிருந்தாலும் அது அவனைப் பாதிக்குமாம். சென்னையிலிருக்கும் ஒரு வாஸ்து நிபுணரை வீடியோவில் கூப்பிட்டார். நீ போனைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தாய். அதை உன் மாமனாரே இன்னொரு போனில் பதிவு செய்து பெருமையாகக் குழுவில் போட்டார். நான் விருதுநகரில் கல்யாணச் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு பார்த்தேன். வெறும் பேச்சு என்று நினைத்தேன்.

"சார், கேமராவ கொஞ்சம் ரோட்டுப் பக்கம் திருப்புங்க. அதான் மெயின் டோரா? சவுத்தா? அதான் ஐயா பிரச்சினை. இந்த வாசல்ல வீட்டுத் தலைவர் நிலைக்க மாட்டார்."

"கரெக்ட்டா சொல்றீங்க. சம்பந்தி போய்ட்டாரே" என்றார் உன் மாமனார்.

"கிழக்குச் சுவர்ல வடக்கு ஓரமா ஒரு வாசல் வைங்க. இதை மூடிடுங்க. ஒரு மண்டலத்துல வேலை வரும்."

உங்கப்பா இறந்தது இதயத்தால், வாசலால் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்ததை நீதான் எனக்குப் படித்துக் காட்டினாய். அந்த வீடியோவில் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்கு வாஸ்துவில் நம்பிக்கையும் கிடையாது. பெரியவர் மனம் நோகக்கூடாது என்று சும்மா இருந்தாய். அடுத்த வாரமே ஒரு காண்ட்ராக்டர் வந்து கிழக்குச் சுவரின் வடக்கு ஜன்னலைப் பிடுங்கி, அந்த ஓட்டையைப் பெரிதாக்கி, முட்டை வடிவக் கண்ணாடி பதித்த இரட்டைக் கதவு ஒன்றை வைத்தார். தெற்கு வாசலைக் கழற்றிப் பலகை அடித்து மூடி, ஒரே நிறத்தில் பெயின்ட்டும் பூசிவிட்டார். வேலையில் கெட்டிக்காரர்தான்.

விமான நிலையத்திலிருந்து என்னை இறக்கிவிட்டுப் பெட்டிகளை எடுக்க நீ வண்டியின் பின்பக்கம் போனாய். நான் வழக்கம்போல் கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு படியேறினேன். எதிரே சுவர் இருந்தது. தூக்கக் கலக்கம், வேறு பக்கம் வந்துவிட்டேன் என்று திரும்பிப் பார்த்தேன். படி அதேதான். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் முன்னால் நின்றேன்.

"சர்ப்ரைஸ்மா" என்றாய்.

"கதவு எங்கடா?"

"அந்தப் பக்கம். ரிலாக்ஸ்மா, ஈஸ்ட்ல இருக்கு. நித்யா அப்பாவுக்காக. இட்ஸ் ஜஸ்ட் எ டோர்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா நீ நோன்னு சொல்லியிருப்ப."

இந்தப் பதிலை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

அப்போதும் நான் பெரிதாகச் சண்டை போடவில்லை. பலகையைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். பிறகு ஒருநாள் காலையில் ஒருவரை அழைத்து வந்தாய். "இன்சூரன்ஸ் விஷயமா வந்திருக்கார்மா" என்றாய். நல்ல மனிதர், காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சுவர்களைத் தட்டினார், அளந்தார், படம் எடுத்தார். நான் காப்பி கொடுத்தேன். பழைய வாசல் எங்கே இருந்தது என்று அவர் வெளியே நின்று கேட்டதும், நீ தெற்குச் சுவரைக் கை காட்டியதும் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவர் இன்சூரன்ஸ்காரர் இல்லை. பழைய கட்டிடங்களுக்குப் பாரம்பரிய மதிப்பு உண்டா என்று எழுதிக் கொடுப்பவர். இந்த வயதுக் கட்டிடத்தை அப்படி ஒருவர் பார்த்து எழுதித் தராமல் இங்கே இடிக்க முடியாது. அது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போன அன்றுதான் வேலியில் நகராட்சி மாட்டிய பலகையைப் பார்த்தேன். வீட்டை இடித்துப் புது வீடு கட்ட மனு. ஆட்சேபம் உள்ளவர்கள் ஹியரிங் என்னும் பொது விசாரணைக்கு வரலாம். மனுதாரர் பெயர் உன் பெயர். உங்கப்பா போனபின் வீட்டை உன் பெயருக்கு நான்தான் எழுதி வைத்தேன். என் வீட்டு வேலியில், தெருவில் போகிறவர்கள் எல்லோருக்கும் பிறகு, கடைசியாக எனக்குச் செய்தி வந்தது.

அறிக்கையை வாங்கிப் படித்தேன். பெரும்பாலும் ஒழுங்கான அறிக்கை. மரம், ஆணி, கோபுரம் எல்லாம் சரியாக எழுதியிருக்கிறார். ஆனால் முடிவு இதுதான்: முகப்பின் அசல் வாசல் அகற்றப்பட்டுவிட்டது, ஒரு ஜன்னலும் போய்விட்டது, வீடு தன் பழைய முகத்தை இழந்துவிட்டது, எனவே பாதுகாக்கும் தகுதி இல்லை. கீழே இன்னொரு வரி. சமையலறையிலும் கூடத்திலும் உள்ள பிற்கால மாற்றங்களுக்கு முக்கியத்துவம் எதுவும் இல்லை. பிற்கால மாற்றங்கள் என்றால் நாம், கதிர். கிரைண்டர் ஓடி ஓடித் தேய்ந்த பலகை, சாமி அலமாரிக்கு உங்கப்பா அடித்த சட்டம், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்காகக் கூடத்துச் சுவரில் பதித்த கரும்பலகை.

அன்றே பஸ் பிடித்து பிளசன்டனுக்கு வந்தேன். நீங்கள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்; மறுப்பு இருந்தால் அடுத்த இதழுக்கு எழுது.

"அம்மா, போன விண்டர்ல பின்படியில வழுக்கி விழுந்தியா இல்லையா? எர்த்குவேக் வந்தா அந்த வீடு கல்லு மேலேர்ந்து நழுவிடும். உனக்காகத்தான் கட்டறேன். படி இல்லாம, ஹீட்டரோட, தனி ரூம்."

"எனக்காகக் கட்டறதுன்னா எங்கிட்ட ஏன்டா இன்சூரன்ஸ்னு சொன்ன?"

நீ சாம்பாரை எடுத்து ஊற்றிக்கொண்டாய். உன் மாமனார்தான் பேசினார். "சம்பந்தியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. செட்டிநாட்டுல ஒரு வீடு இருந்தா ஹெரிடேஜ்னு சொல்லலாம். இது மரப்பெட்டி."

"அந்த மரப்பெட்டில வளர்ந்த பையனுக்குத்தான் சம்பந்தி நீங்க பொண்ணு குடுத்தீங்க."

நித்யா தண்ணீர் குடிப்பதுபோல் டம்ளரால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

நீ சொன்னாய்: "அம்மா, ஃபைன், இட்ஸ் ஓல்ட். பட் ஹூஸ் ஹெரிடேஜ்? நம்மளா கட்டினோம்? யாரோ வெள்ளைக்காரன் வீடு. நம்ம ஹிஸ்டரி இல்ல."

அங்கே நான் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். அந்தக் குடும்பம் இந்த மண்ணுக்கு முதல் ஆட்கள் இல்லை. அவர்களுக்கு முன்பே இங்கே பல தலைமுறை வாழ்ந்த மக்கள் இருந்தார்கள். நிலம் அவர்கள் கையைவிட்டுப் போனது நல்ல முறையில் நடக்கவில்லை. அது எனக்குத் தெரியும், பள்ளியில் உனக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்பே நான் படித்துவிட்டேன். அதனால்தான் வீடு நிற்க வேண்டும் என்கிறேன். யார் வந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள், எதை எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்பதற்கு ஒரு சாட்சி வேண்டும். சாட்சியை இடித்துவிட்டு நியாயம் பேச முடியாது. அந்தத் தீவுக்காரர்கள் கடல் தாண்டி வந்தார்கள். ஊர்ப் பாஷை தெரியாமல் நின்றார்கள். கிடைத்த மரத்தில் வீடு கட்டினார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் ஒருநாள் அவர்களுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லியிருப்பார்கள். அதன்பிறகு நாம் வந்தோம். அதே சுவருக்குள் முப்பது வருடத்துக்கு மேல் தோசை வார்த்திருக்கிறோம். இதில் எந்த அடுக்கு வரலாறு, எந்த அடுக்கு குப்பை என்று பிரிக்க உனக்கு யார் சொன்னது? உன் பெயர் பத்திரத்தில் இருக்கிறது. உன் உயரம் அந்தச் சமையலறைக் கதவு நிலையில் வருடாவருடம் கோடு போட்டிருக்கிறது. பத்திரத்தை எங்கே வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம்.

மறுநாள் நித்யா வந்தாள். "ஸாரி அத்தை, கோவமா இருக்கீங்களா?" என்றாள். அவளை வெளியே அழைத்துப்போய், தன் அப்பா என்ன செய்திருக்கிறார் என்று காட்டலாம் என்று கிழக்குச் சுவர் முன் நிறுத்தினேன். நாங்கள் வாங்கிய நாளிலிருந்து அந்தச் சுவரில் ஐவிக் கொடி அடர்ந்து கிடந்தது. இரண்டு ஓரத்திலும் இரண்டு ஜன்னல், நடுவில் கொடி. மூக்கில்லாத முகம் மாதிரி இருக்கும். நான் ஜன்னல்களைத்தான் பார்த்துக்கொண்டேன். ஜன்னல் இல்லாத இடத்தில் ஜன்னல்காரிக்கு என்ன வேலை? உன் காண்ட்ராக்டர் புதுக் கதவுக்காகக் கொடி முழுவதையும் வெட்டியெறிந்திருந்தார். உச்சிப் பொழுதுக்குக் கொஞ்சம் முந்தைய நேரம். வெயில் தெற்கிலிருந்து சுவரை உரசிக்கொண்டு விழுந்தது. அந்த வெளிச்சத்தில் சின்ன மேடுபள்ளம்கூட நிழல் காட்டும்.

சுவர்ப் பலகைகள் எல்லாம் நீளமாக ஓடின. நடுவில் மட்டும் ஓடவில்லை. மேலிருந்து கீழாக நேர்கோட்டில் இரண்டு வெட்டு. அந்த இரண்டுக்கும் நடுவே, ஒரு கதவு அகலத்துக்கு, துண்டுப் பலகைகள்.

வீட்டுக்குள் போய் அந்த இடத்திலிருந்த புத்தக அலமாரியை இருவருமாக நகர்த்தினோம். நான் கடப்பாரையை எடுத்தேன். நித்யா போன் விளக்கைப் பிடித்தாள். முதல் பலகை வந்ததுமே நிலைச் சட்டம் தெரிந்தது. கீல் உட்காரச் செதுக்கிய பள்ளம் தெரிந்தது. கீழே வாசற்படி, ரெட்வுட் பலகை, நடுவில் கால் பட்டுப் பட்டுக் குழிந்து கிடந்தது. கடைசியாக வெளியே போய் மண்ணைக் கிளறினேன். கல் படி தட்டுப்பட்டது. அதிலிருந்து நேராகப் பார்த்தால், இத்தனை வருடமாக எங்கும் போகாமல் வரிசையாக நிற்கின்றன என்று நாம் சிரித்த அந்த இரண்டு வரிசை ஆலிவ் மரங்கள். அவை ஓடைக்குப் போகின்றன. பழைய பாதை ஓடையோரமாகத்தான் இருந்திருக்கிறது. வீட்டை எங்களுக்கு விற்ற அந்தக் குடும்பத்துப் பெண்மணி, சாவி கொடுத்த அன்று ஓடைப் பக்கம் கையைக் காட்டி, தன் தாத்தா காலத்தில் ரோடு அந்தப் பக்கம் என்று ஏதோ நீளமாகச் சொன்னார். அன்று எனக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது. தலையை ஆட்டினேன்.

புரிகிறதா கதிர்? இந்த வீடு கட்டும்போதே கிழக்குப் பார்த்த வீடு. பின்னால் தெற்கே புது ரோடு வந்ததும் அவர்கள் சமையலறைப் பக்கத்து வாசலைத் தலைவாசல் ஆக்கிக்கொண்டு இதை மூடிவிட்டார்கள். சென்னையிலிருந்தபடி உன் நிபுணர் கேட்ட கிழக்கு வாசல் சுவருக்குள்ளேயே இருந்தது. வண்டி நிற்கும் பக்கம்தான் தலைவாசல் என்று நினைத்துக்கொண்டு, நல்ல ஜன்னலை உடைத்து, இருந்த கதவுக்குப் பக்கத்தில் இல்லாத கதவை வைத்திருக்கிறீர்கள். வல்லுநரும் நீ காட்டிய திசையைத்தான் பார்த்தார்; போய்விட்டது என்று அவர் எழுதிய அசல் வாசல் போகவே இல்லை.

நித்யா போனில் திசைகாட்டியைத் திறந்து வாசற்படியில் வைத்தாள். "அத்தை, நைன்ட்டி டிகிரி. பக்கா ஈஸ்ட். அப்பா கேட்டா அழுவார்."

"அழட்டும்மா, டிஷ்யூ வாங்கி வெச்சிருக்கேன்" என்றேன்.

இந்த மாதிரிக் கடிதங்களில் பெற்றவர்கள் தங்கள் தவறுகளையும் ஒப்புக்கொள்வது வழக்கம். நானும் ஒரு வாரம் யோசித்தேன். வீட்டை வாங்கியது தவறில்லை. உன் பெயருக்கு எழுதியது தவறில்லை. மகனை நம்புவது தவறு என்றால் அந்தத் தவறு மகனுடையது. ஆனால் யார் மனமும் நோகாமல் நடந்துகொள் என்று உனக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தேன். அதில் ஒன்றை விட்டுவிட்டேன். யார் மனமும் நோகாமல் இருக்க, அங்கே இல்லாத ஒருத்தி மனம்தான் எப்போதும் நோக வேண்டியிருக்கும். அடுத்த முறை உன் வாய் மூடிக்கொண்டிருக்கும்போது, அறையில் யார் இல்லை என்று பார்.

ஹியரிங் அடுத்த மாதம். மனுவை நீ திரும்பப் பெறாவிட்டால் நான் அங்கே வருவேன். பேச மூன்று நிமிடம் தருவார்கள். என் ஆங்கிலத்துக்கு அது போதும். கதவின் படங்களை நித்யா பெரிதாக அச்சடித்து வைத்திருக்கிறாள். என் மகனுக்கு எதிராகப் பேச எனக்கு விருப்பமில்லை. பேசமாட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

இனி ஆக வேண்டியது. மனுவை நீ திரும்பப் பெற வேண்டும். காலாவதி ஆகட்டும் என்று விடக்கூடாது, உன் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வல்லுநரை நீயே மறுபடி அழைத்து வர வேண்டும். கிழக்கு வாசலை நான் காட்டுகிறேன், அவர் யார் என்று தெரிந்தே இந்த முறை காப்பி கொடுக்கிறேன், அவர் தன் அறிக்கையைத் திருத்த வேண்டும். பிற்கால மாற்றங்கள் பற்றிய அந்த வரியையும் அவர்தான் எடுக்க வேண்டும். பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனுவை நான் எழுதுவேன், அதில் தீவுக்காரர்களும் இருப்பார்கள், நாமும் இருப்போம். வீடு உன் பெயரில் இருப்பதால் கையெழுத்து நீ போட வேண்டும். முட்டைக் கண்ணாடிக் கதவைக் காண்ட்ராக்டர் கழற்றி எடுத்துக்கொண்டு போக வேண்டும். பிடுங்கிய ஜன்னல் கோபுரத்துக்குள் கிடக்கிறது, ஒரு கண்ணாடிதான் உடைந்திருக்கிறது. அதில் அவர் கை வைக்க வேண்டாம், அது என் வேலை. நிலநடுக்கத்தைப் பற்றி நீ பயப்படுவது நியாயம். பழைய வீட்டைத் தூக்கி நிறுத்தி அடித்தளம் போடத் தெரிந்த என்ஜினீயர்கள் இருக்கிறார்கள். ஒருவரைத் தேட வேண்டியது நீ. பின்படிக்குக் கைப்பிடி வைக்க வேண்டியதும் நீதான், அதற்கு என்ஜினீயர் வேண்டாம், இந்தச் சனிக்கிழமை வா. உன் மாமனார் சென்னைக்குப் போன் போட்டு அந்த நிபுணரிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். பழைய கிழக்கு வாசல் திறக்கும் நாளில் வலது காலை எடுத்துவைத்து முதலில் உள்ளே வர வேண்டியவர் உன் மாமனார்தான். பால் காய்ச்சுவோம், வேண்டுமானால் வீடியோவும் எடுத்துக்கொள்ளட்டும். நித்யா செய்ய வேண்டியது எதுவும் இல்லை, அவள் பங்கை முடித்துவிட்டாள். தெற்குச் சுவரில் அடித்த பலகைகளை நீ உன் கையால் பிடுங்க வேண்டும். கழற்றிய கதவும் கோபுரத்துக்குள்தான் சாய்ந்து நிற்கிறது, பூட்டோடு. அதைப் பழைய நிலையில் நான் மாட்டுவேன். மாட்டியதும் ஒருமுறை பூட்டித் திறந்து பார்க்க வேண்டும். அதற்கு யாரும் வர வேண்டாம். சாவி அன்றிலிருந்து என் கைப்பையில்தான் இருக்கிறது.

அம்மா